கௌரிக்குச் சைக்கிள் ஆகாது

எழுபத்து நாலாம் ஆண்டு கௌரி லொறி ஓட்டத் தொடங்கியபோது அவளுக்கு ஒன்பது வயது. டண்டினொங் நகருக்கு அப்பால் அப்பா வாங்கிய முட்டைக்கோவாத் தோட்டத்தில், அப்பாவும் அம்மாவும் கோவாவை வெட்டி வெட்டி லொறிக்குள் எறிய, வரிசை நெடுக அதை ஆமை வேகத்தில் நகர்த்த ஓர் ஆள் வேண்டியிருந்தது. வீட்டில் மிஞ்சியிருந்தது அவள்தான். கிளச்சை மிதிக்கச் சறுக்கி இறங்கினால் முன்னால் ஒன்றும் தெரியாது. எழும்பிப் பார்த்தால் கிளச் எட்டாது. ஆகவே அப்பா பக்கப் பலகையில் ஒருமுறை தட்டினால் நிறுத்துவாள், இரண்டுமுறை தட்டினால் எடுப்பாள். பதினொரு வயதில், கோவா நிரம்பிய லொறியைப் பின்பக்கமாகவே கொட்டகைக்குள் செருகிவிடுவாள். சுவரில் ஒரு கீறல் விழாது.

அந்த வருடம்தான் பள்ளிக்கூடம் போக ஒரு சைக்கிள் கேட்டாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா, பீரங்கி கேட்டவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"பொம்பிளைப் பிள்ளைக்குச் சைக்கிளோ? உனக்கென்ன விசரே?"

"லொறி ஓடுறன்தானே, அப்பா."

"அது வேலை. இது ஊர் சுத்துறது."

"அவள் கவனமாத்தானே ஓடுவாள்," என்று அம்மா இழுத்தாள்.

"ரோட்டிலை விழுந்து காலை முறிச்சால் என்ன செய்யிறது?" அப்பாவின் குரல் தழுதழுத்தது.

தன்மேல் இவருக்கு இவ்வளவு பாசமா என்று கௌரிக்கு நெஞ்சு உருகிவிட்டது.

"சைக்கிள் வேண்டாம், அப்பா. நான் நடந்தே போறன்."

"கெட்டிக்காரி," என்றார் அப்பா. "கால் முறிஞ்சால் பிறகு கிளச்சை ஆர் மிதிக்கிறது?"