ஆறு அங்குலக் குழாய்

தான் கையெழுத்துப் போட்ட மனுவுக்கு எதிராகத் தானே பேச வேண்டி வரும் என்று பிளம்பர் நினைத்துப் பார்க்கவில்லை.

மனுவை எழுதியவர் அவருடைய மச்சான், மனைவியின் அண்ணன். அச்சகம் வைத்திருந்தார், பக்கத்து வீடு. எந்தத் தெருவில் எத்தனை மாடி கட்டலாம் என்ற விதியை நகராட்சி திருத்தப்போகிறது, குடியிருப்பவர்களின் கருத்தையும் கேட்கும் என்று அறிவிப்பு வந்திருந்தது. மச்சானின் இரண்டு பெண்களும் கல்யாணமாகி எங்கெங்கோ வாடகைக்கு இருந்தார்கள். ஆளுக்கொரு மாடி கட்டிக் கொடுத்துக் கண்ணெதிரே வைத்துக்கொள்ள அவருக்கு ஆசை. "எங்கள் தெருவுக்கு நாலு மாடி வேண்டும்" என்று மனு அச்சடித்து, அறுபத்திரண்டு கையெழுத்து வாங்கினார். முதல் கையெழுத்து பிளம்பருடையது.

பள்ளிக்கூட ஹாலில் கூட்டம். நீள மேசையில் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார்கள். பிளம்பர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தங்கள் தெருவைத் தேடினார். சாக்கடைக் குழாய் ஒன்பது அங்குலம் என்று போட்டிருந்தது.

அவருக்குத் திக்கென்றது. அந்தக் குழாயை அவர் நாலு தடவை தோண்டியிருக்கிறார். அது ஆறு அங்குலம். இப்போதே வாரம் ஒரு வீட்டிலிருந்து அடைப்பு என்று கூப்பிடுகிறார்கள். கையெழுத்துப் போட்டபோது குழாயைப் பற்றி அவர் யோசிக்கவே இல்லை.

சொன்னால் மச்சான் முகத்தில் முழிக்க முடியாது; சொல்லாவிட்டால் தெருவே நாறும். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டுக் கையைத் தூக்கினார்.

"மேடம், படத்துல தப்பு இருக்கு. எங்க தெரு குழாய் ஆறு அங்குலம்தான். நாலு மாடி தாங்காது."

நகராட்சிப் பொறியாளர் பேனாவைக் கீழே வைத்தார். "நிச்சயமா தெரியுமா?"

"சாக்கடை மூடியைத் திறந்து அளந்து பாருங்க."

பின்வரிசையில் யாரோ, "தவளை தன் வாயால கெட்டுச்சு" என்றார்கள். மச்சான் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை மேன்ஹோல் மூடியைத் திறந்தார்கள். மச்சானும் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். பொறியாளரே டேப்பை இறக்கி அளந்தார். ஆறு அங்குலம். அதிலும் பாதி கசடு.

அடுத்த வாரம் வந்த விதி வரைவில், கூடுதல் மாடிப் பட்டியலில் அந்தத் தெரு இல்லை. "பின்னர் பரிசீலிக்கப்படும்" என்று ஒரே வரி.

மச்சான் பேச்சை நிறுத்தினார். எதிர்வீட்டு டீச்சர் தன் குழாய் ஒழுகியதற்கு வேறு பிளம்பரைக் கூப்பிட்டார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது போல மனைவிதான் அங்கும் இங்கும் அல்லாடினாள். ஒருநாள் சோறு போடும்போது சொல்லியேவிட்டாள்:

"நீங்க சொன்னது நிஜம்தாங்க. ஆனா குத்தம் சொல்லத் தெரிஞ்ச ஆளுக்கு வழி சொல்லத் தெரியாதா?"

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. மறுநாள் அச்சகத்துக்குப் போனார்.

"மச்சான், இன்னொரு மனு அடிக்கணும்."

"எதுக்கு? இருக்கிற மாடியையும் இடிக்கச் சொல்லியா, மாப்பிள்ளை?"

"முதல்ல பன்னிரண்டு அங்குலக் குழாய். அப்புறம் மாடி. மூலையிலிருந்து பெரிய ரோடு வரைக்கும் இருநூத்தி நாப்பது மீட்டர்தான். அளந்துட்டேன்."

மச்சான் அச்சு இயந்திரத்தைத் துடைத்து முடித்தார். பிறகு, "எழுதிக் குடு. உன் தமிழ்ல தப்பு இருக்கும், நான் திருத்திக்கறேன்" என்றார்.

இந்த முறை கையெழுத்துக்கு பிளம்பரே வீடு வீடாக ஏறினார். டீச்சர் கதவைத் திறக்க யோசித்தார், ஆனால் திறந்தார். வாடகைக்கு இருந்தவர்களிடமும் பிளம்பர் கேட்டார்; அதுவரை அவர்களை யாரும் கேட்டிருக்கவில்லை. எண்பத்தொன்பது பேர் போட்டார்கள்.

கடைசிக் கூட்டத்தில் பொறியாளர், "தெருவை எத்தனை மாசம் தோண்டிப் போட வேண்டியிருக்கும்?" என்று கேட்டார்.

"மூணு மாசம். மழை பிடிச்சா நாலு."

"பொறுத்துக்குவீங்களா?"

"பொறுத்துக்குவோம்" என்று முதலில் சொன்னது மச்சான்.

திருத்திய விதியில் இப்படி வந்தது: புதிய குழாய் போட்டு முடிந்த பிறகு, மூன்று மாடி வரை.

"நாலு கேட்டேன். ஒரு மாடியை நீயே முழுங்கிட்டே" என்றார் மச்சான், வீடு திரும்பும்போது.

வேலை ஐந்து மாதம் இழுத்தது. தெருவே பலகைமேல் நடந்து பிளம்பரைத் திட்டியது. மச்சான் மட்டும் தினமும் காலையில் பள்ளத்தின் ஓரத்தில் நின்று, குழாய்க்குச் சரிவு போதாது என்று காண்ட்ராக்டரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.