அடித்தண்ணீர்

மிளகாய்க் கன்றின் இலை ஓரம் கருகினால் தண்ணீர் காணாது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஸஹ்றாவின் புருஷன் அக்ரமும் அப்படித்தான் நினைத்தான். காலை, மாலை பார்க்காமல் பம்பைப் போட்டு இறைத்தான். கன்றுகளோ ஈரத்தில் நின்றபடியே வாடின. பூவெல்லாம் கொட்டியது.

போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த ஸஹ்றாவின் வாப்பா, புத்தளத்துக் கரைத்தீவில் ஓலைக் கொட்டிலில் கிடந்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிய அரை ஏக்கர் அது. அவளுக்கு உலகத்தில் வேறு ஒரு பிடி மண் கிடையாது. போன கோடையில் கிணறு வற்றியபோது, வேலிக்கு அப்பால் உப்பளம் வைத்திருக்கும் ரஸாக் நானா வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னும் ஆழமாத் தோண்டுங்க தம்பி, தண்ணி பொங்கும்."

தோண்ட ஆள் பிடித்துத் தந்தவரும் அவர்தான். தண்ணீர் பொங்கத்தான் செய்தது. இவர்களும் ஒன்றும் அறியாமல், அவர் வீட்டுக்கு நோன்புக் கஞ்சி அனுப்பி நன்றி சொன்னார்கள்.

இப்போது அந்தத் தண்ணீரில் போட்ட தேத்தண்ணியை வாயில் வைக்க முடியவில்லை. ஸஹ்றா குடத்தோடு ரோட்டைக் கடந்து ரஸாக்கின் வீட்டுக் கிணற்றுக்குப் போனாள். அகலமான கிணறு. ஆள் உயரம்கூட ஆழமில்லை. அள்ளிக் குடித்தாள். நல்ல தண்ணீர். முற்றத்தில் நின்ற ரஸாக்கின் பக்கம் திரும்பினாள்.

"நானா, உங்கட கிணறு ஏன் இவ்வளவுதான் ஆழம்?"

"இது மணல் பூமி, தங்கச்சி. மழைத்தண்ணி மேலால நிக்கும், அடியில உப்பு. எங்கட ஆக்கள் ஒருநாளும் ஆழமாத் தோண்ட மாட்டாங்க."

"அப்ப எங்களுக்கு ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

மனிதர் கொஞ்சமும் கூசவில்லை. "தண்ணி கூடுதலா வேணுமெண்டுதானே நீங்க கேட்டீங்க?"

அடுத்த போகம் போட்ட விதை முளைக்கவே இல்லை. பாத்திகளில் வெள்ளை படர்ந்தது. ரஸாக் மறுபடி வந்தார், இந்த முறை கையில் அளவுக் கயிற்றோடு.

"இனி இதில என்ன முளைக்கப் போகுது? என்ட உப்பளத்தோட சேர்த்து விடுங்க. தம்பிக்கும் அங்கேயே வேலை தாறன்."

"ஓம் நானா, உப்பு நல்லா விளையும்," என்றாள் ஸஹ்றா. "நீங்கதானே விதைச்சீங்க."

ரஸாக் சிரித்துக்கொண்டே கயிற்றை அவிழ்த்து, மறுமுனையைப் பிடிக்கச் சொல்லி நீட்டினார். ஸஹ்றா அசையவில்லை. அக்ரம்தான், அவள் முகத்தைப் பார்க்காமல், போய்ப் பிடித்துக்கொண்டான்.