மட்டையில் பட்டது

"உன் அண்ணன் ஆடுறத நீ ஒரு தடவையாவது பாத்திருக்கியாம்மா?"

பாலாடைக்கட்டி ஆலையில் பால் கேன்களை இறக்கிக்கொண்டே பக்கத்துப் பண்ணை கில்லீஸ் கேட்டார். நெட்டா வண்டிக் குதிரையின் காதுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா போரிலிருந்து திரும்பவில்லை. அம்மாவும் இறந்தபின், அண்ணன் ஆர்ச்சி ஆடப்போகும் நாட்களில் பசுக்களைக் கறக்க ஆள் வேண்டுமென்று அவள் பள்ளியை விட்டாள். ஒட்டாகோ மாகாணக் கிரிக்கெட் அணியில் அவன் முக்கால்வாசி நேரம் பன்னிரண்டாவது ஆள். ஆடுகிறவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறவன். எப்போதாவது ஆடக் கிடைத்தால், பசுவின் விலாவில் நெற்றியைச் சாய்த்தபடி அவளே அந்த ஆட்டத்தை மனதுக்குள் நடத்துவாள். அங்கே அவன் ஒருநாளும் அவுட் ஆனதில்லை.

"நீ போய்ட்டு வா. என் பொண்டாட்டி கறப்பா. அவ பேச்சு தாங்காம பசுவே பாலை எறக்கிடும்."

டுனீடின் மைதானத்தில் தேநீர் வேளைக்குப் பெண்கள் ஆளுக்கொரு தட்டுப் பலகாரம் கொண்டுவருவார்கள். நெட்டா ஸ்கோன் என்ற குட்டி ரொட்டிகளைச் சுட்டுப் போயிருந்தாள். அவள் யாரென்று ஒருவரும் கேட்கவில்லை. எதிரணியான கான்டர்பரியை வென்று கேடயத்தைப் பிடிக்க இன்னும் பதினோரு ரன். நிற்பது ஆர்ச்சியும் இன்னொருவனும், கடைசி ஜோடி; ஒருவன் அவுட்டானாலும் தோல்வி. ஜெயித்துக் கொடுத்தால் அடுத்த வருடம் தன் இடம் நிச்சயம் என்று ஆர்ச்சி சொல்லியிருந்தான். அவள் நினைத்து வைத்திருந்ததைவிடக் குள்ளமாக, வேலி தாண்டப்பார்க்கும் கன்றை மறிப்பவன்போல் கழுத்தை நீட்டி நின்றான்.

பந்து அவனைத் தாண்டிக் கீப்பர் கைக்குப் போனது. கீப்பர் அரைமனதாகத்தான் அவுட் கேட்டார். நடுவர் விரலை உயர்த்தவில்லை. மட்டையில் பட்டதென்று தெரிந்தால் நடுவர் சொல்லும்வரை நிற்காமல் போய்விடுவது அங்கே கௌரவம். ஆர்ச்சி மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தான். மைதானமே எழுந்து கைதட்டியது.

தட்டை எடுக்கப் போனபோது அணித்தலைவர், ஊரறிந்த வக்கீல், யாரிடமோ சொன்னது அவள் காதில் விழுந்தது.

"தங்கமான மனுசன்யா. தங்கத்த வச்சுக்கிட்டு கேடயத்த ஜெயிக்க முடியுமா?"

ஊர் திரும்பும் ரயிலில் அவள் அண்ணனிடம் கேட்டாள்.

"பட்டுச்சா?"

"லேசா."

"யாருக்கும் கேக்கலையே, அண்ணா."

"எனக்குக் கேட்டுச்சே." அவள் மடியிலிருந்த தட்டைப் பார்த்து, "ஸ்கோன் மிச்சம் இருக்கா?" என்றான்.

துணியை விலக்கிக் காட்டினாள். சுட்டு அடுக்கியபடியே இருந்தன, ஒருவரும் தொடவில்லை. இருவரும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடி தின்றார்கள்.

அடுத்த கோடையில் அணிக்கு அழைத்து டுனீடினிலிருந்து தந்தி வரவில்லை. தபால்காரரின் சைக்கிள் வாசலில் நிற்காமல் போகும்போதெல்லாம் ஆர்ச்சி வேலியில் ஏதாவது ஆணியைத் தட்டிக்கொண்டிருந்தான். முதல் ஆட்டம் தொடங்கும் நாள் விடியலில் நெட்டா வழக்கம்போல வாளியையும் முக்காலியையும் எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். பின்னால் பூட்ஸ் சத்தம். ஆர்ச்சி அவள் கையிலிருந்து இரண்டையும் வாங்கிக்கொண்டான். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் நிற்கவில்லை. முக்காலியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஈரப்புல்லில் கறவைக் கொட்டகையை நோக்கி நடந்து போனான்.