சிங்காரவேலின் ஈரத் துண்டு

சிங்காரவேலுக்கு அந்த ஒரு வருஷத்தில் மட்டும் பதினோரு பேர் செத்துப் போயிருந்தார்கள். எல்லாரும் அவர் வாயால் செத்தவர்கள். ஒன்றுவிட்ட மாமன், பழைய கூட்டாளி, சேத்தியாத்தோப்புச் சம்பந்தி வீட்டுப் பெரியவர் என்று இல்லாத ஆட்களுக்கு ஊரும் உறவும் கொடுத்துச் சாகடித்திருந்தார்.

மனுஷர் பொல்லாதவர் இல்லை. விருத்தாசலம் ஜங்ஷனுக்குப் பக்கத்தில், பியூஸ் கட்டை செய்கிற பீங்கான் கம்பெனியில் சூளை பார்க்கிறவர். 2006 மாசியில் மகள் இளமதி, பிடித்த பையனோடு போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத" என்று தெருவே கேட்கக் கத்தினார். அவளும் மிதிக்கவில்லை. ஒரே வாரத்தில் கோபம் போய்விட்டது. போய்விட்டதென்று யாரிடம் சொல்வது, எந்த முகத்தோடு சொல்வது என்றுதான் தெரியவில்லை.

ஊர் சும்மா விடுமா? டீக்கடை ராஜாங்கம் கிளாஸைக் கழுவிக்கொண்டே, "பொண்ணு எங்க இருக்குது, எதாவது தெரிஞ்சுதா?" என்பார். பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கூட, "நீங்கதானே அந்தப் பொண்ணோட அப்பா?" என்று ஆரம்பிப்பார். முகத்தில் அடித்தாற்போல் பேச சிங்காரவேலுக்கு வராது. ஒருநாள் நிஜமாகவே ஒரு சாவுக்குப் போய்விட்டு ஈரத் துண்டோடு வந்தபோதுதான் வழி கிடைத்தது. ராஜாங்கம் வாயைத் திறக்கும்போதே, "துக்கத்துக்குப் போயிட்டு வரேங்க, குளிக்கணும்" என்றார். "அடடா, போங்க போங்க" என்று ராஜாங்கம் இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். யார் மனமும் நோகவில்லை. இவ்வளவு மரியாதையாகத் தப்பிக்க வேறு எந்தப் பொய் உதவும்?

அன்றிலிருந்து, பேச்சில் மாட்டிக்கொள்வோம் என்று பயம் வந்த நாட்களில் கம்பெனிக் குழாயிலேயே துண்டை நனைத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவார். தூரத்து ஆளாகப் பார்த்துத்தான் சாகடிப்பார். தூரத்துச் சாவென்றால் ஒரு குளியலோடு தீட்டு போய்விடும்.

மனைவி தனக்கோடியிடம் மட்டும் இது செல்லாது. தினமும் தண்ணீர்ச் செம்பை நீட்டிக்கொண்டே அவள் கேட்பாள்: "யாராவது எதாவது சொன்னாங்களா?" எதைப் பற்றி என்று இரண்டு பேருக்கும் தெரியும். "யாரும் ஒண்ணும் சொல்லல" என்பார். சொல்ல விட்டால்தானே!

மறு வருஷம் சித்திரையில் ஒரு நாள், ஷிப்ட் முடிந்து பாலக்கரை வழியாக வந்துகொண்டிருந்தார். எதிரே வீராயி ஓடிவந்தாள். அதே கம்பெனியில் அச்சு போடுகிறவள், அன்றைக்கு லீவு. வாயைத் திறந்தால் மூட மாட்டாள்.

"அண்ணே! அண்ணே, நில்லுங்க!"

"துக்கத்துக்குப் போயிட்டு வரேம்மா. குளிக்கணும்."

வீராயி சட்டென்று நின்றாள். மூச்சு வாங்கியது. "யாருண்ணே?"

பதினோரு பேரும் தீர்ந்து போயிருந்தார்கள். அவசரத்தில், "எங்க சித்தப்பா மவன்" என்று வாயில் வந்துவிட்டது.

அவள் முகம் வாடியது. எதையோ சொல்ல வந்து விழுங்கினாள். "சரிண்ணே, போங்க" என்று வந்த வழியே திரும்பிப் போனாள். இவ்வளவு சுலபமாக விட்டாளே என்று சிங்காரவேல் சந்தோஷப்பட்டார். அந்தச் சந்தோஷத்தை நினைத்து நினைத்துப் பிறகு அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் சூளையடியில் அவரைப் பார்த்ததும் வீராயிக்கு ஆச்சரியம். "என்னண்ணே, பங்காளி சாவுன்னீங்க, மறுநாளே வேலைக்கு வந்துட்டீங்க?"

அவர் தடுமாறுவதற்குள் அவளே தொடர்ந்தாள். "நேத்து தங்கச்சிய வண்டியேத்த ஸ்டேஷனுக்குப் போனேண்ணே. அங்க நம்ம இளமதி. மெட்ராஸ் போயி குஜராத்துக்குப் போறாங்களாம், அவ வூட்டுக்காரருக்கு அங்க டைல்ஸ் கம்பெனில வேல. கையில ஆம்பளப் புள்ள, மூணு மாசம். அப்படியே உங்க நெத்தி. 'வூட்டுக்கு வர பயமா இருக்குக்கா, அப்பாவ இங்க கூட்டியாங்க, புள்ளையக் கண்ணுல காட்டிட்டுப் போயிடுறேன்'னு அழுவுது. அதான் ஓடியாந்தேன்."

"எங்கிட்ட சொல்லலியே, வீராயி."

"எப்புடிண்ணே சொல்றது? பங்காளி சாவுன்னா பதினாறு நாள் தீட்டு. பச்சப் புள்ளகிட்ட எப்புடிக் கூப்புடுவேன்? புள்ள இருக்குது, ஆனா பாக்க வராதீங்கன்னு சொல்றதும் பாவம். அதான் வாய மூடிக்கிட்டேன்."

"அவ என்ன சொன்னா?"

"உங்க சித்தப்பா மவன் செத்துட்டாருன்னு சொன்னேன். என்னையே பாத்துச்சு. 'எங்க தாத்தாவுக்குக் கூடப் பொறந்தவங்களே கெடையாதேக்கா'ன்னுச்சு. ஒண்ணுவிட்ட உறவா இருக்கும்னு நாந்தான் சமாதானம் சொன்னேன்."

"போன் நம்பரு எதாவது குடுத்துச்சா?"

"உங்ககிட்ட குடுக்கணும்னு சீட்டுல எழுதி வச்சிருந்துச்சுண்ணே. அப்புறம் அதக் குடுக்கல. வண்டி வந்ததும் ஏறிட்டுது."

வீராயிக்கு ஒன்றும் புரியவில்லை. இளமதிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அப்பா தன்னைப் பார்க்கப் பிடிக்காமல் பொய் சொல்லி அனுப்பியிருக்கிறார் என்று புரிந்துகொண்டாள். அப்படித்தானே புரியும்?

அன்று மாலை துண்டு காய்ந்தே கிடந்தது. யாரிடமாவது சொல்லி அழ வேண்டும் போலிருந்தது. வலியப்போய் ராஜாங்கம் கடை முன்னால் நின்றார். "ராஜாங்கம், எம் பொண்ணு..." என்று ஆரம்பித்தார். ராஜாங்கம் பதறி இரண்டடி தள்ளி நின்றார். "வீராயி சொல்லுச்சுங்க. பதினாறு கழியட்டும், நிதானமாப் பேசிக்கலாம். போங்க போங்க."

வீட்டில் தனக்கோடி செம்பை நீட்டினாள்.

"யாராவது எதாவது சொன்னாங்களா?"

செம்பை வாங்கியவர் குடிக்காமல் வாசப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் தளும்பி வேட்டியில் கொட்டியது.

"சொல்ல வந்தாங்கடி" என்றார். "நாந்தான் விடல."