குணத்தால் வணிகன்

என் வீட்டுக்காரர் ஞாயிறுதோறும் மன்றத்தில் பேசுவார். வணிகன் என்பது பிறப்பு அல்ல, குணம் என்பார். சேர்த்ததைப் பத்துப் பேருக்குப் பயன்படும்படி கைமாற்றிவிடுகிறவன் எவனோ அவனே வைசியன், கடவுளின் சரக்குக்கு நாம் வெறும் காவல்காரர்கள் என்பார். கேட்கிறவர்கள் உருகிப்போவார்கள். அத்தனை பேரும் எங்கள் சாதிக்காரர்கள். வேறு யாரையும் அங்கே கூப்பிடுவதில்லை.

அந்த நேரத்தில் நான் கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருப்பேன். எங்களுடையது இரும்புச் சாமான் கடை. தாழ்ப்பாள், சங்கிலி, கம்பி, குழாய் எல்லாம் உண்டு. ஆணிப் பெட்டிக்குள் கையை விட்டு விட்டு விரல் நுனி மரத்துப்போய்விட்டது. சாயங்காலமானால் இடுப்பு சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கடவுளின் சரக்கைக் காவல் காப்பது இவ்வளவு வலிக்கும் என்று அவர் மன்றத்தில் சொன்னதாகத் தெரியவில்லை.

இந்த லட்சணத்தில், கடையில் விற்பனை பார்க்கிற பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று மகள் ஒரு நாள் சொல்லிவிட்டாள். அவன் எங்கள் சுமைக்காரரின் மகன். அப்பா கம்பிக்கட்டு இறக்குவார், மகன் வாடிக்கையாளரிடம் பேசுவான். கெட்டிக்காரன். வழி கேட்க வந்தவனையும் ஒரு பூட்டு வாங்க வைத்துவிடுவான். எனக்கும் பிடித்த பையன்தான். ஆனாலும் வேறு சாதி.

"குணம்தான் முக்கியம்னு நீங்கதானே சொல்றீங்க, அப்பா?" என்றாள். "இல்லேன்னா இப்பவே சொல்லிடுங்க. நான் கிளம்பிடறேன். அப்புறம் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்."

சொன்னால் செய்கிறவள். எனக்குப் பிறந்ததும் அவள் ஒருத்திதான்.

ஒரு வாரம் அவர் மோவாயைத் தடவிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நடந்தார். பிறகு முகமெல்லாம் வெளிச்சமாக வந்தார். "பையன் குணத்தால வைசியன்தான். நம்ம ஆளாவே சேத்துக்கலாம். மன்றத்துல நானே அறிவிச்சிடறேன்" என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அத்தனை வருடப் பேச்சில் முதல் தடவையாக வீட்டுக்கு ஒரு பிரயோசனம்.

மறுநாள் கடையில், பையனை வெளிவேலைக்கு அனுப்பிவிட்டு, என்னையும் வைத்துக்கொண்டு சுமைக்காரரைக் கூப்பிட்டார். அவர் தோளில் மடித்துப் போட்ட சாக்கோடு வந்து நின்றார்.

"நாலு வருணமும் நாலு குணம்" என்று இவர் ஆரம்பித்தார். "உங்களுக்கு உழைப்புக் குணம். உங்க பையனுக்கு வணிக குணம். இதுல ஒண்ணும் தாழ்வு இல்ல. எல்லாம் ஒரே உடம்போட உறுப்புதான்."

"சரிங்க ஐயா."

"அதனால பையன் எங்க ஆளா ஆயிடறான். யாரும் வாய் திறக்க முடியாது."

சுமைக்காரர் சாக்கைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டார். "அப்ப அவன் என் மகன் இல்லீங்களா?"

"சேச்சே! மகன்தான். இதை ஆன்மிகமாப் பாக்கணும்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க ஐயா. கல்யாணத்தன்னிக்கு நான் எங்க உக்காரணும்? அதை மட்டும் சொல்லிடுங்க."

மணிக்கணக்காகப் பேசுகிற மனிதர் அலமாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அது... அப்புறம் பேசிக்கலாமே" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்களுக்குப் பக்கத்தில், முன்வரிசையில் என்று சொல்லத்தான் சுமைக்காரர் பக்கம் திரும்பினேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. இவர் உட்கார்ந்திருக்கிறார். நான் உட்கார்ந்திருக்கிறேன். மூன்றாவது நாற்காலி காலியாகக் கிடக்கிறது. பெண்ணைக் கொடுப்பது பற்றிப் பேசக் கூப்பிட்ட மனிதரை இவ்வளவு நேரமும் நிற்கவைத்தே பேசியிருக்கிறோம். எனக்குமே அது தோன்றவில்லை. வெட்கத்தில் காது சுட்டது.

"உக்காருங்க" என்றேன். இத்தனை வருடத்தில் அவரிடம் நான் சொல்லாத வார்த்தை.

அவர் நாற்காலியைப் பார்த்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்தார். "இருக்கட்டும்மா. நின்னே பழகிடுச்சு."

நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

"ஏங்க, எந்திரிங்க" என்றேன் இவரிடம். "சம்பந்தி நின்னுக்கிட்டு இருக்காரு."