குண்டுவுக்குத் தாகம்

எங்கள் ஆபீஸ் டெஸ்டருக்கு வாய் கொஞ்சம் நீளம். நான் எழுதிய ப்ரோகிராமைக் கொண்டுபோய், "முடிஞ்சிடுச்சு மேடம்" என்றால், "அதை நீ சொல்லாதே. சோதிச்சுப் பார்க்கிற நான் சொல்லணும்" என்பார். பகலெல்லாம் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும் அலுப்பில், வீட்டில் எனக்கென்று ஒன்று செய்ய ஆரம்பித்தேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொல்லி நினைவூட்டும் ஒரு சின்ன ஆப். குறை சொல்ல ஆள் கிடையாது. நிம்மதி.

சோதித்துப் பார்க்க ஒரு செடியின் பெயரும் ஒரு போன் நம்பரும் வேண்டும். மனதில் வந்ததை அடித்தேன். பெயர், குண்டு. சின்ன வயதில் அக்கா எனக்கு வைத்தது. அவளைத் தவிர வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நம்பரும் அவளுடையதுதான். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்தது அது ஒன்றே. என் நம்பரே எனக்குச் சில நேரம் தடுமாறும்.

நானும் அக்காவும் பேசி இரண்டு வருடமாகிறது. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எனக்கு லீவு கிடைக்கவில்லை. கட்டிலருகிலேயே லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தேன். சொந்தக்காரர்கள் எல்லோர் முன்னாலும், "இவளுக்குப் பெத்தவளைவிடப் பெட்டிதான் பெருசு" என்று சொல்லிவிட்டாள் அக்கா. அம்மா குணமாகி நடமாடவும் ஆரம்பித்துவிட்டாள். எனக்குத்தான் ஆறவில்லை. ரோஷத்தில் நான் யாருக்கும் இளைத்தவள் இல்லை.

ஆப்பில் ஒரு ஸ்விட்ச் உண்டு. 'சோதனை' என்று வைத்தால் மெசேஜ் என் திரையில் மட்டும் தெரியும். 'நிஜம்' என்று வைத்தால் அந்த நம்பருக்கே போய்ச் சேரும். எதையோ பார்ப்பதற்காக நிஜத்தில் வைத்தவள், திருப்பி வைக்க மறந்துவிட்டேன்.

"குண்டுவுக்குத் தாகமாக இருக்கிறது. தண்ணீர் ஊற்றவும்" என்று அக்காவுக்கே போயிருந்தது.

காலையில் அதற்குப் பதில் வந்திருந்தது: "அதுக்கு ஏன் நாலு தடவை கத்தறா?"

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என்னென்னவோ எழுதி அழித்தேன். கடைசியில் எனக்குத் தெரிந்ததைச் செய்தேன்: நாலு தடவை போன கோளாறைத் தேடிச் சரிசெய்தேன். ஸ்விட்சை மட்டும் தொடவில்லை.

மறுநாள், "இப்ப ஒரு தடவைதான் வருது. ஆனா விடியறதுக்கு முன்னாடி யாரு தண்ணி ஊத்துவா?" என்று வந்தது. நேரத்தை மாற்றினேன். அப்புறம், "வெளியில மழை கொட்டுது. இன்னைக்குமா தாகம்?" மழை நாளில் வாயை மூடிக்கொண்டிருக்க ஆப்புக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஆபீஸ் டெஸ்டரே தேவலை என்றாகிவிட்டது. நல்லா இருக்கியா என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் காலையில் கண் விழித்ததும் கை போனைத்தான் தேடியது.

ஆப்பை எல்லோருக்குமாக வெளியிடும் நாள் வந்தது. சோதனைக்காகப் போட்டதை எல்லாம் அதற்கு முன் அழித்துவிட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் கண்டிப்பான வழக்கம். குண்டுவை மட்டும் விட்டுவைத்திருக்கலாம்தான். விட்டுவைத்தால், அக்காவை நினைத்து ஏங்குகிறேன் என்று எனக்கு நானே ஒப்புக்கொள்ள வேண்டிவரும். அழித்தேன். இனி அவளிடம் பேச எனக்கு என்ன சாக்கு இருக்கிறது?

மறுநாள் காலை போன் அடித்தது. பெயர் காட்டவில்லை, அதை எப்போதோ கோபத்தில் அழித்திருந்தேன். நம்பரைப் பார்த்ததும் சட்டென்று எடுத்தேன்.

"இன்னைக்கு மெசேஜ் வரல," என்றாள் அக்கா. "மழையும் இல்ல."

"அந்த வேலை முடிஞ்சிடுச்சுக்கா."

"யாரு சொன்னா?"

"நான்தான்."

"தினமும் சோதிச்சுப் பார்த்தவ நான். என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பக்கமும் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"குண்டு, தாகம் தீர்ந்துடுச்சாடி உனக்கு?"

"இல்லக்கா."

"அப்ப கிளம்பி வா. பெட்டியையும் தூக்கிட்டு வா. வேலை இருந்தா இங்கேயே, என் பக்கத்துல உட்கார்ந்து பாரு."