இடுப்புத்தளம்

"கீழ தள்ளாதீங்க அக்கா, மேல இழுங்க," என்றாள் ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லித்தரும் ஜாஹிதா, மூன்றாவது முறையாக.

கட்டிலில் மல்லாந்திருந்த ராசம்மாளுக்கு முகம் வியர்த்தது. மூன்று வாரமாக, சோமனூர் குடோனில் தறி ஓட்டிக்கொண்டே, பிள்ளை பெறுகிறவள்போல அவள் முக்கிக்கொண்டல்லவா இருந்திருக்கிறாள்! போன தடவை 'இடுப்புத்தளத் தசைப் பயிற்சி' என்று அச்சடித்த சீட்டைக் கொடுத்தார்கள். எப்படிச் செய்வதென்று வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்பட்டு, நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு வந்துவிட்டாள். வெட்கப்பட்டதற்குக் கிடைத்த கூலி இது.

"வெளிய நாலு பேரு இருக்கறப்ப காத்துப் பிரியாம அடக்குவீங்கல்ல? அதே இடந்தான். இறுக்கி மேல தூக்குங்க, மூச்சை அடக்காதீங்க. ம்… விடுங்க."

எங்கோ உள்ளே, இத்தனை வருடம் கேட்பாரற்றுக் கிடந்த ஓரிடம் மெல்ல அசைந்தது. ராசம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது.

"இது மருந்தில்லா வைத்தியங்க்கா. இருமினா, தும்முனா கசியறதுக்கு முதல்ல இதைத்தான் செய்யச் சொல்லுவோம். மூணு மாசம் ஒழுங்காச் செய்யுங்க, ஆபரேஷனைப் பத்தி அப்புறம் யோசிக்கலாம்னு டாக்டரம்மாவே எழுதியிருக்காங்க. தண்ணி குடிக்கறீங்களா?"

ஆறு தறி பார்ப்பவள் மத்தியானம் வரை தண்ணீர் குடிக்க மாட்டாள். விட்டுவிட்டு ஒதுங்கப் போக முடியாது. அதுவும் தப்பு என்றாள் ஜாஹிதா.

அதெல்லாம் திருத்திக்கொள்ளலாம். கதிர்வேலை என்ன செய்வது? "அடிவயித்துல கோளாறுங்க" என்று மட்டும்தான் கணவனிடம் சொல்லியிருந்தாள். அவன் தன் அக்காவைக் கேட்டான். "கர்ப்பப்பைய எடுத்துப்போட்டாத் தீந்துது" என்றாள் அந்த மகராசி. அவனும் வேறொரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டான். நாளைக் காலையில் போய்ப் படுக்க வேண்டும். கெட்ட மனுஷன் இல்லை. ஆனால் இருபத்திரண்டு வருடத்தில் இந்தப் பேச்சை அவனும் கேட்டதில்லை, இவளும் எடுத்ததில்லை. என் உடம்புக்கு அவுங்க ரெண்டு பேரும் நாள் பார்ப்பதா என்று பஸ்ஸில் வரும்போது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குடோனில் ஆறு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. அங்கே பாதிப் பேச்சு கையால்தான். நூல் அறுந்ததற்கு ஒரு சைகை, டீக்கு ஒரு சைகை. இதற்குச் சைகை கிடையாது. கதிர்வேல் பை தூக்குவதுபோல் கையைக் காட்டினான், துணிமணி எடுத்து வைத்துவிட்டாயா என்று. அவள் அவன் காதருகே போய்ச் சொன்னாள். இந்தச் சத்தத்தில் எவருக்குக் கேட்கப்போகிறது என்ற தைரியம்தான்.

அவன் தலையை ஆட்டினான். மறுபடி சொன்னாள். அவனுக்கும் கேட்கவில்லை.

கதிர்வேல் போய் மெயின் சுவிட்சை இறக்கினான். தறிகள் தடதடத்து அடங்கின. புதுப் பாவு நூலைப் பழையதோடு பிணைக்க வந்திருந்த ராமுலு திடுக்கிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

"இப்பச் சொல்லு அம்மணி. என்னமோ சொன்னயே?"

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றால், நாளைக்குக் கட்டிலில் கிடத்தியிருப்பார்கள்.

"தும்முனா ஒண்ணுக்குக் கசியுதுங்க," என்றாள், தறி ஓடும்போது கத்துகிற அதே குரலில். "இடுப்புத்தளத் தசைக்குப் பயிற்சி இருக்குதுங்க. மூணு மாசம் செஞ்சு பாக்கறனுங்க. நாளைக்கு நான் வரலீங்க."

ராமுலு சட்டென்று குனிந்து, பிணைத்த நூலையே திரும்பப் பிணைக்க ஆரம்பித்தான். கதிர்வேலின் கை சுவிட்சின் மேலேயே இருந்தது. அவன் சுவிட்சை ஏற்றவும் இல்லை, கையை எடுக்கவும் இல்லை.